பூசணிக்காயில் வழுக்கிய ரயில்

ஏற்காட்டில் ரயில் ஓடியது என்றால் என் கணவர் வீட்டில் யாரும் நம்புவதில்லை. ரயில் சேலத்தோடு சரி, அதற்கு மேல் பஸ்தான் என்பார்கள். நானோ அந்த ரயிலின் முதல் பயணி.

எண்பதுகளில் நடந்தது. அப்பா ஒரு காப்பி எஸ்டேட்டில் மெக்கானிக். கோடையில் மலையேறி வரும் கூட்டத்தைப் பார்த்த முதலாளி, தோட்டத்தின் ஓரத்தில் ஒரு பூங்கா அமைத்தார். சமவெளியில் ஏதோ சர்க்கரை ஆலையில் கரும்பு இழுத்து ஓய்ந்த குட்டி நீராவி எஞ்சினை லாரியில் கொண்டுவந்து இறக்கினார். தண்டவாளத்தின் அகலம் எங்கள் வீட்டு பெஞ்சின் நீளம்கூட இராது. அப்பா எஞ்சினைக் கழற்றிப் பூட்டி, பச்சை வண்ணம் பூசி, அதன் டிரைவரும் ஆனார். ரயில் எடுபடாவிட்டால் எஞ்சின் பழைய இரும்புக்கு, அப்பா வேறு வேலைக்கு என்று முதலாளி சொல்லிவிட்டிருந்தார்.

வெள்ளோட்டத்தில் ஒரு குழாய் பிடுங்கிக்கொண்டு ஆவி சீறியது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் செய்தி பக்கத்து ஊரான கிளியூருக்குப் போய்ச் சேர்ந்தபோது ஒருவருக்குக் கை வெந்திருந்தது. பஸ் ஏறி அடிவாரத்தில் இறங்கியபோது பாய்லரே வெடித்திருந்தது.

திறப்பு நாளில் கூட்டத்துக்குக் குறைவில்லை. எல்லோரும் கயிற்றுக்கு அந்தப் பக்கமே நின்றார்கள். முதலாளி வீட்டம்மா திருஷ்டி சுற்றிய பூசணிக்காயைத் தண்டவாளத்தின் மேலேயே உடைக்கச் சொன்னார்; உடைத்தார்கள். அப்பா விசில் கொடுத்தார். ஒருவரும் ஏறவில்லை. பின்னாலிருந்து தலையில் உருமால் கட்டிய ஒருவர் குரல் கொடுத்தார்.

“ஏனுங்க டிரைவரே, மொதல்ல உங்க ஊட்டுப் புள்ளைய ஏத்துங்க. அப்புறம் நாங்க ஏறிக்கறமுங்க.”

கூட்டம் சிரித்தது. அப்பா அம்மாவைப் பார்த்தார். பிறகு என்னைத் தூக்கி, எஞ்சினை ஒட்டிய முதல் பெட்டியில் உட்கார வைத்தார். எனக்கு ஏழு வயது. என் வகுப்புப் பிள்ளைகள் பாதிப்பேர் கயிற்றுக்குப் பின்னால் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தேரில் ஏறிய சாமிக்குக்கூட அவ்வளவு மிதப்பு இருந்திருக்காது.

அந்த நேரம் பார்த்து அம்மா கைக்குழந்தையான தம்பியை அத்தையிடம் கொடுத்தார். “அழுதா பசும்பாலக் காச்சி, பாதிக்குப் பாதி தண்ணி ஊத்திக் குடுங்க” என்று சொல்லிவிட்டு, என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். எனக்கு மட்டுமென்று கிடைத்த மரியாதையில் பங்குக்கு வந்துவிட்டாரே என்று எரிச்சலாக இருந்தது. கையை உதறினேன்.

“கம்முனு உக்காரு கண்ணு” என்றார்.

ரயில் நகர்ந்தது. சக்கரங்கள் பூசணிச் சதையில் ஏறியதும் நின்ற இடத்திலேயே கிறீச்சிட்டுச் சுழன்றன. எஞ்சின் அதிர்ந்தது, புகை எங்களை மூடியது. கூட்டம் பின்வாங்கியது. “எறங்கித் தள்ளோணுங்களா?” என்றது அதே உருமால் குரல், கொஞ்சம் தள்ளி நின்று. அப்பா இறங்கினார். சதையை வழித்துப் போட்டு, அடுப்புச் சாம்பலை வாரித் தண்டவாளத்தில் தூவினார். அம்மாவின் நகம் என் தோலில் பதிந்தது. நான் மறு கையால் என் வகுப்புக்கு டாட்டா காட்டிக்கொண்டிருந்தேன்.

இம்முறை சக்கரம் பிடித்துக்கொண்டது. சவுக்கு மரங்களைச் சுற்றி, மிளகுக் கொடிகளை உரசி, புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றோம். அதற்குள் கூட்டம் கயிற்றைத் தாண்டியிருந்தது. வரிசையில் முதல் ஆளாக உருமால்காரர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு. அப்பா தேவைக்கு மேல் நீளமாக விசில் அடித்தார். அம்மா இறங்கி, அத்தையிடமிருந்து தம்பியைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு முகத்தைத் துடைத்தார். புகை கண்ணில் பட்டுவிட்டது என்று நினைத்தேன்.

இப்போது எனக்கும் இரண்டு பிள்ளைகள். மூத்தவளை ராட்டினத்தில் ஏற்றும் முன் அதன் ஆணிகளைப் பார்க்கிறேன். ஏற்றியது சரியா என்று அது நிற்கும்வரை யோசிக்கிறேன். கணவர் சிரிக்கிறார். சிரிக்கட்டும். அவள் சுற்றும்போதெல்லாம் சின்னவன் என் இடுப்பில் கனக்கிறான்.

அந்த ரயில் ஒரு சுற்று வர, காப்பி ஆறும் நேரம்கூட ஆகாது. அதற்குள் தம்பிக்குப் பசிக்கவா போகிறது, இந்த அம்மாவுக்கு ஒன்றுமே தெரியவில்லையே என்றுதான் அன்று முதல் பெட்டியில் உட்கார்ந்து நினைத்தேன்.