ஒரே நாளில் மழித்த இரண்டு தலைகள்

எனக்குப் பெண் பார்க்கத் தொடங்கியபோது உச்சந்தலை தெரிய ஆரம்பித்திருந்தது. சிதம்பரத்தில் ஒரு பெண் வீட்டுக்கு அம்மா கொடுத்திருந்த போட்டோவோ, முடி நிறைய இருந்த காலத்தில் எடுத்தது. நேரில் பார்த்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள் என்ற பயத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை. "மொட்ட போட்டா அடத்தியா வளரும்டா" என்றார் அம்மா. நம்பினேன்.

சிதம்பரத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்காரருக்கும் ஒரு வேண்டுதல் பாக்கி இருந்தது. திருப்பதிக்கு வேண்டிக்கொண்டதை எங்கள் பக்கத்தில் திருவந்திபுரத்திலேயே செலுத்திவிடலாம். ஒரே காலையில், ஒரே ஆள் கையால், இருவரும் மொட்டை போட்டுக்கொண்டோம்.

பத்தாம் நாளே சந்தேகம் வந்துவிட்டது. நான் ஒன்பதாவதோடு நின்றவன். மஞ்சக்குப்பத்தில் செல்போன் கடையில் வேலை. சிம்மை உடைத்து எடுத்தபின் மிஞ்சும் அட்டையில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். அதைத் தலைமேல் வைத்துப் போட்டோ பிடித்துப் பெரிதாக்கினால் ஓட்டைக்குள் உள்ள முடியை எண்ணிவிடலாம். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போய் மாமாவை வெயிலில் உட்காரவைத்தேன்.

"என்னா மச்சான், பேன் பாக்குறியா?"

"ஆடாம இருங்க மாமா, எண்ணிக்க போயிடும்."

மாமாவின் உச்சியில் ஒரே மயிர்த்துளையிலிருந்து இரண்டும் மூன்றுமாக முடி கிளம்பியிருந்தது. எல்லாம் ஒரே தடிமன். என் உச்சியை அக்கா படம் எடுத்தாள். துளைக்கு ஒன்றுதான், அதிலும் பாதி, நிறமில்லாத பூனைமுடி. நடுநடுவே வெறும் தோல். ஆனால் பிடரிக்கு மேலே எடுத்தபோது என் கணக்கும் மாமா கணக்கும் கிட்டத்தட்ட ஒன்றாக வந்தது. அட்டை நழுவியிருக்கும் என்று மறுபடி எடுக்கச் சொன்னேன். அதேதான்.

இன்னும் மூன்று ஞாயிறு போய் எண்ணினேன். மாமாவுக்குத் தலை கறுத்து மூடிவிட்டது. எனக்குப் பக்கங்களில் மட்டும் கறுத்து, உச்சி பழையபடியே தெரிந்தது. கத்தி வெளியே இருப்பதைத்தான் எடுக்கிறது. உள்ளே இருப்பதை அது மாற்றுவதில்லை. வெட்டுப்பட்ட முனை மட்டமாக இருப்பதால் தடவும்போது தடிப்பாகப் படுகிறது, அவ்வளவுதான்.

"அக்கா, அந்தப் பழைய போட்டோவ மாத்திடு. இப்ப இருக்குறத அனுப்பு."

"தொப்பி போட்டு ஒண்ணு எடுப்போமாடா?"

"வேணாம்."

பெண் வீட்டிலிருந்து நான்கு நாள் பதிலில்லை. ஐந்தாம் நாள் அக்கா போன் செய்தாள். "இது வேண்டுதல் மொட்டையா, இல்ல முடியே இவ்ளோதானான்னு பொண்ணு கேக்குதாம்."

"இவ்ளோதான்னு சொல்லிடு."

சாயங்காலம் மறுபடி கூப்பிட்டாள். "வர்ற ஞாயித்துக்கெழம வரச் சொல்றாங்க."

முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்லத்தான் கூப்பிடுகிறார்களோ என்று மாமாவிடம் கேட்டேன்.

"வேணாம்னு சொல்றதுக்கு எவனாவது கேசரி கிண்டுவானா மச்சான்?" என்றார்.

நியாயமாகத்தான் பட்டது. ஞாயிறன்று எட்டு மணி பஸ்ஸுக்கு ஏழு மணிக்கே போய் நின்றேன்.