வெறுங்கூடையின் எடை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, டிக்கோயாவுக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் எனக்கு ஏக மரியாதை. வந்திருக்கிற மெஷின் நிஜமா, டூப்பா என்று சொல்லவேண்டிய நிபுணர் நான்தான். எல்லோரும் ‘சேர்’ என்று கூப்பிடுகிற ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர் என்றால் சும்மாவா?

வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகிற பிள்ளைக்காம்பராவுக்கு வெந்நீர் வேண்டும். இந்தக் குளிரில் பச்சைத்தண்ணீரை ஊற்றினால் பிள்ளைகள் போடுகிற கூச்சல்... மாதர் சங்கம் வருஷக்கணக்கில் பணம் சேர்த்து, சோலார் ஹீட்டர் வாங்க இருந்தது. அதற்குள் ஒருவர் தன் பெட்டியை விற்க வந்துவிட்டார்.

கோல்ட் ஃபியூஷனாம்! சூரியனுக்குள் அணுக்கள் சேர்ந்து சூடு தருகின்றனவே, அதைச் சின்னப் பெட்டிக்குள் நடத்துகிற வித்தை. உள்ளே ஒரு ரகசியப் பொடி. கரண்ட் ஸ்டார்ட் பண்ண மட்டும்தான், மிச்சச் சூடெல்லாம் பொடியின் வேலை என்றார். இருபது நிமிஷத்தில் தண்ணீர் தளதளவென்று கொதித்தது.

நான் தலையாட்டிவிட்டேன். பெரிய பெரிய ஆய்வுகூடங்களே இன்னும் உறுதியாக நிரூபிக்காத சங்கதி — தெரிந்தும் ஆட்டினேன். கொதிக்கிற தண்ணீரைக் கண்ணால் பார்த்தபிறகு சந்தேகப்பட யாருக்கு மனசு வரும்?

செல்விக்கு வந்தது. சங்கத் தலைவி, கொழுந்து பறிப்பவர்.

"நாங்க கொழுந்து நிறுக்கையில கூடைக்கும் ஈரத்துக்கும்னு ரெண்டு கிலோ கழிச்சிடுறாங்க. ஒங்க மெஷினுக்கும் கழிச்சிப் பாப்போமே. பொடிய எடுத்துட்டு ஒருக்கா ஓட்டுங்க."

மெஷின் பழுதாகிவிடும் என்று பெட்டிக்காரர் இழுத்தார். செல்வி விடுவதாக இல்லை. பொடி வெளியே வந்தது. அதே பாத்திரம், அதே அளவு தண்ணீர். என் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி எல்லோரும் நின்றோம்.

அதே இருபது நிமிஷம். அதே கொதி. வேலை பார்த்ததெல்லாம் சுவரிலிருந்த பிளக்!

மனிதர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பாவம், அவரும் நம்பித்தான் வந்திருப்பார் போல. அந்த வெந்நீரிலேயே பாலில்லாத பிளேன்டீ ஊற்றி, முதல் கப்பை அவருக்கே கொடுத்தார்கள்.

கோல்ட் ஃபியூஷன் நாளைக்கே நிஜமாகலாம். ஆகட்டும், சந்தோஷம். அன்றைக்கும் வெறுங்கூடையை முதலில் தராசில் வைத்துவிடுவோம் — எந்தப் புதுமைக்கும் இதுதான் பரீட்சை. இத்தனை வருஷம் பாடம் நடத்திய எனக்கு இது ஏன் தோன்றவில்லை?

சோலார் வந்துவிட்டது. நேற்றுப் போனேன். பிள்ளைகள் தொட்டியை விட்டு வெளியே வரமாட்டோம் என்று அடம்பிடிக்கிறார்கள். பார்க்கப் பார்க்க மனசு நிறைந்துவிட்டது.

நல்ல ஹீட்டர்தான் என்று நிபுணர் தோரணையில் தலையாட்டினேன். செல்வி சிரிக்காமல் சொன்னார்:

"சேர் ஆட்டுற தலைக்கும் ரெண்டு கிலோ கழிச்சிட்டுத்தான் எடுப்போம்."