முருகன் படத்துக்குப் பின்னால்

அகதிகளாய்ப் பிரெஞ்சு நாட்டுக்கு வந்து லா சப்பலில் நாங்கள் இருந்த அறை இப்போது கோப்பிக் கடை. சுவரிலிருந்த இரும்பு வளையத்தைத் துலக்கி, மேலே விளக்கும் போட்டிருக்கிறார்கள்.

எண்பதுகளில் அந்த வளையத்தின் கீழேதான் எங்கள் பாய். நூற்றாண்டுகளாக இடித்தும் ஒட்டியும் கட்டிய பழைய பண்ணைவீடு அது. மழை பெய்தால் சுவரில் சுண்ணாம்பு ஊறி மணக்கும். வந்த அன்றே அப்பா வளையத்தைத் தடவிப் பார்த்தார்.

"இது மாடு கட்டின கொட்டில்."

அம்மாவின் முகம் கறுத்தது. யாழ்ப்பாணத்தில் எங்கள் தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு அவர் சோறு வைத்தது கொட்டிலில்தான். வீட்டுப் படி ஏறவிட்டதில்லை.

"இஞ்சாருங்கோ, இதை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ" என்று வளையத்தின்மேல் முருகன் படத்தைத் தொங்கவிட்டார். அங்கே இருந்த காலம் முழுவதும் யாரையும் வீட்டுக்குக் கூப்பிடவில்லை.

இன்று அந்தக் கடையில் போய் உட்கார்ந்தேன். கோப்பி கொண்டுவந்த பெண் வளையத்தைக் காட்டி, முன்பு இங்கே மாடுகள் நின்றன என்றாள், பெருமையாக.

"பிறகு?" என்று கேட்டேன்.

"பிறகா? ஒருவரும் குடியிருக்கவில்லை."