ஏகமனதாகச் சும்மா இருந்தோம்

ஒரு தவணை முழுக்க நான் எங்கள் ஊராட்சியில் வார்டு மெம்பராக இருந்தேன். தெருவிளக்கு, குடிதண்ணீர்க் குழாய், சாக்கடை அடைப்பு, நூறு நாள் வேலை, இவ்வளவுதான் என் ராஜாங்கம். பல்பு எரியவில்லை என்றாலும் என் வாசலில்தான் வந்து நிற்பார்கள், மோட்டார் ஓடவில்லை என்றாலும் என் வாசலில்தான். மலை முழுக்கக் கரண்ட் போன நாளில், தன் வீட்டு முன்னால் மட்டும் விளக்கு எரியவில்லை என்று சண்டைக்கு வந்த பெண்மணியும் உண்டு. நான் வாய்க்காரி என்று ஊரில் பேர். அந்தப் பேரை நான் மறுத்ததில்லை. வாயில்லாதவளை மெம்பராக்கி வைத்து என்ன செய்வது?

எங்கள் மலையில் பல ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு; எங்கள் ஊர் திண்ணனூர் நாட்டுப் பக்கம், ரோடு முடிந்த இடத்திலிருந்து மேலே ஏறிப் போக வேண்டும். ஊராட்சிக் குழாய் ஊருக்குள் வந்துவிட்டது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் மோட்டார் எரிந்துவிட்டால் கருகிய கம்பிச்சுருளை மாற்றிக் காயில் கட்ட அதைக் கழற்றிக் கீழே சமவெளிக்குக் கொண்டுபோக வேண்டும். அது மறுபடி மலையேறி வரும்வரை எங்களைக் காப்பாற்றுவது ஊருக்கு மேலே பாறை இடுக்கில் இருக்கும் சுனைதான். என் கல்யாணத்துக்கு மறுநாள் என் தலையில் வைத்த முதல் குடம் அந்தச் சுனைத் தண்ணீர். எந்தக் கோடையிலும் அது எங்களைக் கைவிட்டதில்லை. அந்தச் சுனைக்கு மேல்புறம் கொஞ்சம் புறம்போக்கு நிலம் சும்மா கிடக்கிறது. சும்மா கிடக்கிற நிலத்தைக் கண்டால் ஆபீஸ்காரர்களுக்குக் கை சும்மா இருக்காது.

இந்த இடத்தில் எங்கள் ஆட்களின் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்களுக்குப் பிடித்த காரியம் என்றால் வாய்விட்டு "ஆகட்டுங்க" என்போம். பிடிக்காவிட்டால் ஒன்றும் சொல்ல மாட்டோம். வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்வது எங்கள் பக்கம் உறவையே அறுத்துக்கொள்வதற்குச் சமம். பெண் கேட்டு வருகிறவர்களைப் பிடிக்கவில்லை என்றாலும் உட்காரவைத்துச் சோறு போடுவோம். அவர்கள் வந்த சேதியைச் சொல்லிவிட்டு நம் முகத்தைப் பார்ப்பார்கள். நாம் எதிர்மலையைப் பார்ப்போம். கை கழுவிவிட்டு, வருத்தமில்லாமல் கிளம்பிப் போவார்கள். அடுத்த திருவிழாவில் இரண்டு வீட்டாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவோம்.

அந்த வருடம் மே தினக் கிராம சபைக் கூட்டம் ஊராட்சி அலுவலகத்து வாசலில் பந்தல் போட்டு நடந்தது. எங்கள் ஊராட்சிச் செயலர் கீழேயிருந்து பஸ்ஸில் கொண்டை ஊசி வளைவெல்லாம் ஏறி வேலைக்கு வருகிறவர். கெட்ட மனிதர் இல்லை. வளைவுகளில் வாந்தி எடுத்துக்கொண்டே வந்தாலும் லீவு போடாதவர். அவர் தீர்மானங்களை ஒவ்வொன்றாகப் படித்தார். புதுத் தெருவிளக்கு என்றார், "ஆகட்டுங்க" என்றோம். பள்ளிக்கூடத்துக்குச் சுற்றுச்சுவர் என்றார், அதற்கும் "ஆகட்டுங்க" என்றோம். பிறகு குப்பைக் கிடங்கு வந்தது. அருவி பார்க்க வருகிறவர்கள் போடும் பிளாஸ்டிக்கும், லாட்ஜுகளின் எச்சில் இலையும் பாட்டிலும் சேர்ந்து மலை நாறுகிறது, எல்லாவற்றையும் கொட்டிப் பிரிக்க ஓர் இடம் வேண்டும், அதற்கு எங்கள் சுனை மேல்புறத்துப் புறம்போக்கு ஒதுக்கப்படுகிறது என்று படித்தார்.

"ஆட்சேபணை இருக்குங்களா?" என்று கேட்டார்.

பந்தலில் ஈ பறக்கிற சத்தம் கேட்டது. ஊருக்குப் பெரியவரான எங்கள் ஊர்க்கவுண்டர், எனக்கு மாமா முறை, துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு எதிர்மலையைப் பார்த்தார். பெண்கள் தரையைப் பார்த்தார்கள். வாய்க்காரியான நானும் வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். இதைவிட உரக்க எங்களால் மறுக்க முடியாது. செயலர் ஒரு நிமிடம் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டு அடுத்த தீர்மானத்துக்குப் போனார். அதுவரை எங்கள் கிராம சபைக்கு வந்ததெல்லாம் ரோடும் விளக்கும்தான். யாரும் எதையும் மறுக்க வேண்டி வந்ததில்லை. அன்று முதல் தடவையாக மறுத்தோம். எவ்வளவு பண்பான மனுசன், ஒரு தடவைக்கு மேல் வற்புறுத்தவில்லை பார் என்று அவரைப் புகழ்ந்துகொண்டே மலையேறி வீட்டுக்கு வந்தோம்.

மழை தொடங்குவதற்குள் ஜேசிபி வந்தது.

காலையில் குடத்தோடு போன பெண்கள் ஓடி வந்து சொன்னார்கள். நான் மரவள்ளிக் காட்டிலிருந்து மண்வெட்டியோடு ஏறிப் போனேன். வண்டி சுனைக்கு மேல்புறம் மண்ணைக் கிளறத் தொடங்கியிருந்தது. அதன் வாய்க்கு முன்னால் போய் நின்றேன். மற்ற பெண்கள் குடங்களைக் கவிழ்த்துப் போட்டு அவற்றின் மேல் உட்கார்ந்துகொண்டார்கள். ஓட்டி வந்தவர் பாவம், சேலம் பக்கத்து ஆள், எஞ்சினை நிறுத்திவிட்டுப் போனை எடுத்தார். சிறிது நேரத்தில் செயலர் யாருடைய பைக்கிலோ தொற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

கிராம சபையில் ஏகமனதாக நிறைவேறிய தீர்மானத்தை மெம்பரே வந்து தடுக்கலாமா என்று கேட்டார். ஏகமனதாகவா? யார் சம்மதம் சொன்னது என்றேன். ஆட்சேபணை உண்டா என்று கேட்டேன், ஒருவர்கூட வாய் திறக்கவில்லையே என்றார். அதுதானே ஆட்சேபணை என்றேன். நான் கேலி பேசுகிறேன் என்று நினைத்து அவர் முகம் சிவந்தது. நீங்களும்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள் என்றார். வந்ததற்குப் போட்ட கையெழுத்து அது, சம்மதித்ததற்குப் போட்டதல்ல என்று கத்தினேன். என் பேரையும் சேர்த்து எழுதி என் சுனையை நாறடிக்கப் போகிறார்கள் என்ற நினைப்பில் மண்வெட்டியை ஓங்கித் தரையில் குத்தினேன்.

செயலர் யோசித்தார். கிராம சபை போட்ட தீர்மானத்தைக் கிராம சபைதான் மாற்ற முடியும். சுதந்திர தினக் கூட்டம் வரை வண்டியை நிறுத்தி வைக்கிறேன் என்று சொல்லிவிட்டு, ஒரு நிபந்தனை போட்டார்.

"அன்னிக்கு வந்து ஊர்க்காரங்க எந்திரிச்சு, வேண்டாம்னு வாயைத் திறந்து சொல்லணும் மெம்பரம்மா. நீங்க ஒருத்தர் சொன்னாப் பத்தாது. சொல்லிட்டா நான் எழுதிக்கிறேன். இல்லேன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

இதென்ன பெரிய காரியம் என்று நினைத்தேன். வீடு வீடாகப் போனேன். சுனை வேண்டுமா என்றால் வேண்டும் என்றார்கள். கிடங்கு வேண்டுமா என்றால் எதிர்மலையைப் பார்த்தார்கள். சரி, அதைக் கூட்டத்தில் வாயால் சொல்லுங்கள் என்றால் அடுப்பில் என்னவோ தீய்கிறது என்று உள்ளே போய்விட்டார்கள். ஒரு வீட்டில் நான் செயலர் மாதிரி கட்டிலில் சட்டமாக உட்கார்ந்து, என்னைப் பார்த்து வேண்டாம் என்று சொல்லிப் பழகு என்றேன். அவள் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்ததுதான் மிச்சம். கடைசியில் எனக்குக் காபி போட்டுக் கொடுத்தாள்.

மாமாவிடம் போனேன். அவர் சொன்னால் ஊரே சொல்லும். மிளகுக் கொடியை மரத்தோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தவர் கட்டி முடிக்கும்வரை பேசவில்லை.

"மூஞ்சிக்கு நேரா வேண்டாம்னு சொல்லிப்போட்டு, அப்பறம் அந்த மனுசனுக்கு நம்மூட்டுல எப்படி கண்ணு ஒரு வாய் தண்ணி குடுக்கறது?"

"குடுக்கறதுக்கு மொதல்ல தண்ணி இருக்கோணும் மாமா," என்றேன்.

அவர் அடுத்த மரத்துக்குப் போய்விட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த மிளகுக் கொடியைப் பிடுங்கிப் போட்டிருப்பேன். இப்படிப்பட்ட ஊமைக் கூட்டத்துக்கு மெம்பராக இருப்பதைவிட ஆடு மேய்க்கலாம் என்று வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே காட்டுக்குப் போய்க் களை வெட்டினேன்.

வெட்ட வெட்ட ஆத்திரம் வேறு பக்கம் திரும்பியது. நான் யாரைத் திட்டுகிறேன்? இந்த ஜனங்கள் கற்றுக்கொள்ளாதது என்ன? பேங்கில் போய் ரேகை வைக்கக் கற்றுக்கொண்டார்கள். ரேஷன் கடையில் கண்ணைக் காட்டக் கற்றுக்கொண்டார்கள். போனில் வரும் நம்பரைப் படித்துச் சொல்லக் கற்றுக்கொண்டார்கள். எல்லாம் ஆபீஸ்காரர்களுக்குத் தோதாக இருக்க வேண்டும் என்பதற்காக. ஆபீஸ்காரர்கள் எங்களிடம் எதைக் கற்றுக்கொண்டார்கள்? வருடக்கணக்கில் எங்கள் பலாப்பழத்தைச் சாப்பிட்டும், நாங்கள் வேண்டாம் என்பது எப்படி இருக்கும் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. இனி என் ஊர்க்காரர்களை மாற்றப் போவதில்லை என்று களைக்கொத்தைத் தூக்கி வரப்பில் வீசினேன்.

சுதந்திர தினத்தன்று கொடியேற்றி மிட்டாய் கொடுத்து முடித்ததும் கூட்டம் தொடங்கியது. ஊராட்சித் தலைவர் நடுவில் உட்கார்ந்திருந்தார். அவரும் மலைக்காரர்தான், கீழ்ப்பக்கத்து ஊர். லாட்ஜுக்காரர்கள் தினமும் அவர் வாசலில் நிற்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். செயலர் சொன்ன சொல் மாறாமல், கிடங்கு இடத்துக்கு ஆட்சேபணை உள்ளவர்கள் எழுந்து சொல்லலாம் என்றார். எங்கள் ஊர் மொத்தமும் வந்து பந்தலில் உட்கார்ந்திருந்தது. மொத்தமும் சும்மா இருந்தது. செயலர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். தலைவர் லேசாகச் சிரித்தார்.

அந்தச் சிரிப்புத்தான் என்னை எழுப்பிவிட்டது.

"கேள்வி தப்புங்க," என்றேன். "ஆட்சேபணை இருக்கான்னு கேக்காதீங்க. சம்மதமான்னு கேளுங்க. எங்காளுக வாயில என்ன வருதோ, அதை அப்படியே எழுதுங்க."

சட்டத்தில் அப்படி இடம் இருக்கிறதா என்று தலைவர் கேட்டார். சம்மதம் கேட்கக் கூடாது என்று எந்தச் சட்டம் சொல்கிறது என்று நான் கேட்டேன். செயலர் இருவரையும் பார்த்துவிட்டு, அதில் ஒன்றும் குறைந்துவிடாது என்றார். எங்கள் ஊருக்கு இன்னொரு மோட்டார் வாங்கும் தீர்மானம் ஒன்று இருந்தது. முதலில் அதைக் கேட்கச் சொன்னேன். சம்மதமா என்றார். "ஆகட்டுங்க" என்று பந்தல் முழுவதும் ஒரே குரலாக எழுந்தது. செயலர் கொஞ்சம் பின்னால் சாய்ந்தேவிட்டார். இப்போது கிடங்கைக் கேளுங்கள் என்றேன்.

"சுனைக்கு மேல குப்பைக் கிடங்கு. சம்மதங்களா?"

ஒரு சத்தமில்லை. மாமா எதிர்மலையைப் பார்த்தார். பெண்கள் தரையைப் பார்த்தார்கள். அவர் இன்னொரு தடவை கேட்டார். ஒரு கைக்குழந்தை சிணுங்கியது, அதன் தாய் அதைத் தட்டிக்கொடுத்தாள். செயலரின் முகம் மெல்ல மாறுவதை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். மே மாதத்து அமைதி என்னவென்று அவருக்கு அப்போதுதான் புரிந்தது. மனுசன் நிஜமாகவே கலங்கிப் போனார். தலைவர் பக்கம் திரும்பி, நீங்களாவது சம்மதம் சொல்லுங்கள், ஒரு குரலாவது இருந்தால்தானே எழுத முடியும் என்றார்.

தலைவர் வாயைத் திறந்தார். இந்த ஒரு வாயில் என் சுனை போய்விடும் என்று பயந்தேன். அவர் மாமாவைப் பார்த்தார், பந்தலைப் பார்த்தார். எத்தனை லாட்ஜுக்காரர்கள் வாசலில் நின்றால் என்ன, அவரும் இந்த மலையில் பிறந்து, பெண் கேட்டுப் போய், எதிர்மலையைப் பார்த்த முகங்களைக் கண்டு திரும்பியவர்தானே. ஊர் முழுக்கச் சும்மா இருக்கும்போது தனியாக ஆகட்டும் என்று சொல்ல அவர் நாக்குக்கு வரவில்லை. வாயை மூடிக்கொண்டு அவரும் மலைப்பக்கம் திரும்பிவிட்டார்.

"காதுல என்ன விழுந்துச்சுங்க?" என்று செயலரைக் கேட்டேன்.

"ஒண்ணும் விழலைம்மா."

"அதை எழுதுங்க."

எழுதினார். சபையின் சம்மதம் கிடைக்காததால் இடம் கைவிடப்படுகிறது என்று எழுதி உரக்கப் படித்தும் காட்டினார். அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்த நான் அதைக் கேட்டதும் அழுதுவிட்டேன்.

அந்தக் கிடங்கு இப்போது கீழே, ரோட்டோரமாக, லாட்ஜுகளுக்குப் பக்கத்தில் இருக்கிறது. குப்பை யாருடையதோ அவர்கள் மூக்குக்கு முன்னால் இருக்கட்டும் என்று அதே கூட்டத்தில் நான்தான் கேட்டேன், எல்லாரும் "ஆகட்டுங்க" என்றார்கள். லாட்ஜுக்காரர்கள் இன்றைக்கும் என்னைச் சபிக்கிறார்களாம். சபிக்கட்டும். என் தவணை முடிந்துவிட்டது, இப்போது நான் வெறும் ஓட்டுக்காரி. ஆனாலும் ஒரு கூட்டம் விடாமல் போய் முன்வரிசையில் உட்காருகிறேன். ஆட்சேபணை உண்டா என்று எந்த ஆபீஸர் ஆரம்பித்தாலும் எழுந்து நின்றுவிடுகிறேன்.

அன்று கூட்டம் கலைந்ததும் செயலர் பஸ்ஸுக்காக அலுவலக வாசலில் நின்றார். மாமா ஒரு சீப்பு மலைவாழைப் பழத்தை எடுத்துப்போய் அவர் கையில் கொடுத்தார். செயலர் தயங்கித் தயங்கி, என்மேல் உங்களுக்கெல்லாம் கோபம் ஒன்றும் இல்லையே என்று கேட்டார். மாமா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கோவமா? ஏனுங்க சாமி, நாங்க உங்கள ஒரு வார்த்தை சொல்லலீங்களே."