கல்குவாரியில் நான் பிடித்த கயிறு

என் சகலைக்கு அறுபத்தாறு வயது, என்னைவிட இரண்டுதான் குறைவு. ஓய்வுபெற்ற பிறகு புதுச்சேரி போய் ஸ்கூபா டைவிங் கற்றுக்கொண்டு வந்தார். அன்றிலிருந்து என் மனைவிக்கு ஒரே பேச்சு. "அவரைப் பாருங்க. நீங்க மாடி ஏறவே பதினேழு படின்னு எண்ணிக்கினு இருக்கீங்க."

போன மார்கழியில் ஊருக்கு வெளியே ஒரு பழைய கல்குவாரியில் இறங்கினார். தண்ணீர் ஐஸ் மாதிரி இருந்தது. உள்ளே விட்ட கை தெரியாத கலங்கல். இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனையை என்னிடம் தந்து, "ரெண்டு தடவை ஆட்டுனா உடனே இழுத்துடுங்கண்ணா" என்றார்.

பதினோராவது நிமிடம் கயிறு இரண்டு தடவை ஆடியது. கொஞ்சம் நடுங்கட்டுமே என்று தோன்றியது. இருபது வரை எண்ணிவிட்டுத்தான் இழுத்தேன்.

உதடு நீலம் பாரித்து மேலே வந்தார். அடியில் கிடந்த கம்பியில் கால் மாட்டியிருக்கிறது.

"அண்ணா இழுத்த இழுப்புலதாம்பா கால் விடுபட்டுச்சு" என்று வீட்டில் எல்லோரிடமும் சொன்னார். மனைவி என்னைப் பெருமையாகப் பார்த்தாள். இருபது வரை எண்ணியதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது என்னைத் தவிர யாரிடமும் கயிற்றைத் தர மாட்டேன் என்கிறார். பொறாமை இன்னும் போகவில்லை. ஆனால் கயிறு லேசாக அசைந்தாலே இழுத்துவிடுகிறேன். "சும்மா சும்மா தூக்காதீங்கண்ணா" என்று திட்டுகிறார். திட்டட்டும்.