வெள்ளையடித்த வீடும் அவசரக் குரவையும்

நனைத்த சுண்ணாம்பின் வாடை இருக்கிறதே... அது ஒரு கிழமையாக எங்கள் சோற்றில்கூட அடித்தது. எண்பதுகளின் தொடக்கம். சவளக்கடைக் கிராமத்தில் எங்கள் பழைய வீட்டை வாப்பா திருத்திக்கொண்டிருந்தார். விற்பதற்கு!

அது உம்மாவின் சீதன வீடு. எங்கள் பக்கம் வீடு பெண்பிள்ளைக்குத்தான். மாப்பிள்ளை வந்து குடியேறுவார். நான் ஒரே மகள்.

"இந்த வயலுக்குள்ள எந்த மாப்புள வந்து இருப்பான்? இத வித்துப்போட்டு கல்முனையில வூடு வளவு வாங்குவம்" என்றார் வாப்பா.

எனக்கோ, குசினி ஜன்னலைத் திறந்தால் வயல் தெரியும் அந்த வீட்டை விட்டுப் போக மனமே இல்லை. என்னை யார் கேட்டார்கள்?

புது ஓடு, சிவப்புச் சீமெந்துத் தரை, சீவித் தேய்த்து வார்னிஷ் அடித்த முதிரைக் கதவு... வேலை முடிந்தபோது எங்கள் வீடுதானா என்று எனக்கே சந்தேகம். உம்மா கதவைத் தடவித் தடவிப் பார்த்து, "இவ்வளவு வடிவா ஆக்கிப்போட்டு விக்கிறதா?" என்று மூக்கைச் சிந்தினார்.

இதில் ஒரு சங்கதி. பெண்டாட்டியின் வீட்டை விற்கிறான் என்று ஊர் பேசுமே என்று, வாப்பா விற்பனையைப் பற்றி வெளியூர்த் தரகர் ஒருவரைத் தவிர யாரிடமும் மூச்சு விடவில்லை. ஊருக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்... குமர்ப்பெண் இருக்கிற வீட்டுக்கு வெள்ளையடித்தால் கலியாணம்!

ஒரு வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு மருதமுனையிலிருந்து ஒரு குடும்பம் காரில் வந்தது. தன் மகளுக்கு வீடு தேடும் ஒரு வாத்தியார், அவர் மனைவி, கூடவே மூத்த மகன். அவர்கள் வாசலில் காலை வைத்ததுதான் தாமதம்... பக்கத்து வீட்டுக் கதீஜா மாமி வேலிக்கு மேலால் நாக்கைச் சுழற்றி ஒரு கலியாணக் குரவை விட்டார் பாருங்கள்! உடனே அந்தப் பக்கம் இரண்டு, இந்தப் பக்கம் மூன்று. பின்னாலேயே இனிப்பு வட்டிலப்பமும் வந்து சேர்ந்தது.

வாப்பாவின் முகத்தில் ஈயாடவில்லை.

வாத்தியாரின் மனைவி திகைத்துப்போய்க் கேட்டார்: "என்ன கா, வூடு பாக்க வந்தாலும் உங்கட ஊரில குரவை போடுவாங்களா?"

கதீஜா மாமி அசரவில்லை. "வூட்டயும் பாருங்க, புள்ளயயும் பாருங்க. ரெண்டும் பழுதில்ல!"

கதவுக்குப் பின்னால் நின்ற எனக்கு வெட்கத்தில் உயிர் போனது. ஆனாலும் சிரிப்பு முந்திக்கொண்டது. வாய்விட்டே சிரித்துவிட்டேன். அந்த மகன் திரும்பிப் பார்த்தார்...

வீட்டை அவர்கள் வாங்கவில்லை. மகளுக்குத் தூரமாம்.

அடுத்த கிழமை வாத்தியார் திரும்ப வந்தார். "மகனுக்கு உங்கட புள்ளயக் கேட்டு வந்திரிக்கன்."

"கல்முனையில ஒரு வளவு வாங்கினாப் பொறகு..." என்று வாப்பா இழுத்தார்.

"என்னத்துக்கு? இந்த வூட்டிலயே இரிக்கன் எண்டுதான் அவன் செல்றான்."

உம்மா உள்ளே வந்து என்னிடம் கேட்டார். "ஓம்" என்றேன். மாப்பிள்ளைக்காகவா, வீட்டுக்காகவா என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வீட்டுக்கென்றுதான் சொல்லியிருப்பேன்!

இப்போது எங்கள் ஒரே மகளுக்கு ஜப்பானில் வேலை. போன கிழமை ஒரு போட்டோ அனுப்பினாள். அங்கே ஒரு கிராமத்தில், வயல் நடுவில், பழைய மரவீடு. அழகாகத் திருத்தி விற்பனைக்கு விட்டிருக்கிறார்கள். இருக்க ஆளில்லாமல் இப்படி நிறைய வீடாம். இந்தக் காலத்தில் வீட்டைப் போனிலேயே பார்த்து, போனிலேயே பேசி முடித்துவிடுகிறார்கள். வேலிக்கு மேலால் எட்டிப் பார்க்கவும் ஆளில்லை.

பார்த்ததும் மனசு கொஞ்சம் கனத்துப்போனது. எங்கள் வீடும் அவளுக்குத்தான். வந்து இருப்பாளோ, தெரியாது...

"பாவம், இத ஆர் வாங்கப் போறாங்களோ" என்றேன்.

அன்று வாசலில் திரும்பிப் பார்த்த அவர், போட்டோவை வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இந்த வூட்டயும்தான் ஒருத்தரும் வாங்கல்ல. நான் வந்து இரிக்கல்லயா?"