ரகுபதி கை நனைத்த கதை

பிள்ளைப்பாக்கம் ரகுபதி எனக்குத் தம்பி முறை. என் அப்பாவும் அவன் அப்பாவும் பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகள். சின்ன வயதில் அவன் சாப்பிடுவதைப் பார்க்கவே ஆசையாக இருக்கும். களத்துமேட்டில் உட்கார்ந்து, சோற்றைக் குழி பண்ணிக் குழம்பு ஊற்றிப் பிசைந்தான் என்றால் பக்கத்தில் இருக்கிறவர்களுக்கும் பசி வந்துவிடும்.

இரண்டாயிரத்து ஏழில் அவன் நிலத்தை விற்றான். சுற்றியிருந்த வயல்கள் எல்லாம் கம்பெனிக்குப் போய், ஏரித் தண்ணீர் வருகிற கால்வாயும் தூர்ந்துபோயிருந்தது. நடுவில் இவன் வயல் மட்டும் காய்ந்து கிடந்தது. வேறு வழியில்லை என்று ஊருக்கே தெரியும். ஆனாலும் அவன் அப்பா வெட்டிய கிணறு அதில் இருந்தது.

அடுத்த வருஷம் பங்காளி வீட்டில் காதுகுத்து. பந்தியில் ரகுபதி இரண்டாம் தரம் சோறு கேட்டான். எதிரில் இருந்த சுப்பன், அவனும் பங்காளிதான், பரிமாறுகிறவனைப் பார்த்துக் கத்தினான்.

“அவருக்கு இன்னும் நாலு கரண்டி வைப்பா! நெலத்தையே வித்துத் துன்னவரு, இந்தச் சோறு எந்த மூலைக்கு?”

சொத்தை விற்றவனை ‘விற்றுத் தின்றவன்’ என்பது எங்கள் பக்கத்துப் பேச்சுதான். பந்தியே சிரித்தது. ரகுபதியும் சிரித்தான். சிரித்துக்கொண்டே இலையை மூடிவிட்டு எழுந்தான்.

அதன்பிறகு நாலு பேர் எதிரில் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. இருங்காட்டுக்கோட்டையில் ஒரு கம்பெனியில் புல்தரைக்குத் தண்ணீர் விடுகிற காண்ட்ராக்ட் வேலை பார்த்தான். கேன்டீன் சாப்பாட்டை வாங்கிக்கொண்டு மோட்டார் ரூமுக்குப் பின்னால் போய், சுவரைப் பார்த்து உட்கார்ந்து விழுங்குவான். வீட்டிலும் அரை வயிறுதான். கேட்டால், “மண்ணை அள்ளித் துன்ற மாதிரியே கீதுக்கா,” என்பான். விசேஷ வீடுகளில் முகத்தைக் காட்டிவிட்டு நழுவிவிடுவான்.

அவன் மகள் சசிகலாவுக்குக் குன்றத்தூரில் இடம் அமைந்தது. பையன் பெயர் சுபாஷ். இரண்டு பேரும் ஒரே கம்பெனி பஸ்ஸில் போய்வந்து பிடித்துப்போனவர்கள். சசிகலா அவன்மேல் உயிராக இருந்தாள். ரகுபதியும் அவன் பெண்டாட்டி செங்கமலமும் நானும் மாப்பிள்ளை வீட்டுக்குப் பேசப் போனோம்.

சம்பந்தம் முடிவாகிறவரை அந்த வீட்டில் கை நனைக்கிற வழக்கம் எங்களுக்கு இல்லை. நனைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். பேச்சு நல்லபடியாகவே போனது. பையனின் அம்மா தாயாரம்மாள் இலை போட்டுச் சோறும் வடையும் பாயசமும் வைத்தாள். எல்லாக் கண்ணும் ரகுபதி கையில்தான். அவன் சோற்றில் கையை வைத்தான். வைத்த கை அப்படியே இருந்தது.

செங்கமலம் தொடையில் இடித்தாள். அசையவில்லை.

தாயாரம்மாளுக்கு முகம் சுருங்கிவிட்டது. “சம்பந்தம் புடிக்கலன்னா வாயால சொல்லிட்டுப் போங்கண்ணா. எலையப் போட வச்சு அசிங்கப்படுத்தாதீங்க.”

“இன்னாய்யா இது, பொண்ணு வாழ்க்கைய்யா!” செங்கமலம் அழுதேவிட்டாள்.

ரகுபதி தலை நிமிராமல் சொன்னான். “உங்க மேல குத்தமில்லம்மா. நான் நெலத்த வித்துத் துன்னவன். நாலு பேரு எதிர்ல துன்றதுக்கு வெக்கமா கீது.”

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. சம்பந்தி வீட்டில், முதல் நாளே, இப்படியா?

தாயாரம்மாள் கரண்டியைக் கீழே வைத்தாள். “நெலத்த வித்ததுக்கு இந்தச் சோறு இன்னாண்ணா பண்ணுச்சு? இது ஆரணிப் பக்கத்து அரிசி. எவனோ சேத்துல நின்னு வெளைய வச்சது. அவன் மேல உங்களுக்கு இன்னா கோவம்? நீங்க பயிர் வச்ச காலத்துல, உங்க நெல்ல வாங்கினு போனவன் இப்டி துன்னாம குந்திக்கினு இருந்தா உங்களுக்கு எப்டி இருந்திருக்கும்?”

ரகுபதி ஒரு பருக்கையை விரலில் எடுத்து நசுக்கிப் பார்த்தான். “நல்லாக் காயவச்சு அரைச்சிருக்கான்,” என்றான். அப்புறம் இலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். “எவன் நட்டானோ, நல்லாருக்கட்டும்.”

ஒரு வாய் எடுத்தான். கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சாப்பிட்டான். பார்க்கவே கூச்சமாக இருந்தது. பையனின் சித்தப்பா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

“ரசம் ஊத்தட்டாண்ணா?”

“ஊத்தும்மா.”

நாங்கள் பஸ் ஸ்டாப்புக்கு வருவதற்குள் சசிகலா போன் பண்ணிவிட்டாள். பழைய செல், பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது. கல்யாணம் முடிவாகிவிட்டதா என்று அவள் கேட்கவில்லை.

“சாப்ட்டியாப்பா?” என்றாள்.

ரகுபதி எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு, திருடினதை ஒப்புக்கொள்கிறவன் குரலில் சொன்னான்.

“சாப்ட்டம்மா. ரசம் ரெண்டு தரம் வாங்கினேன்.”